மடிப்புல விழுந்த வரி

சாத்தூர்ல எட்டு பத்துக்குக் கெளம்புற சிவகாசி வண்டியில ஜன்னலோரம் கெடைக்கிறது தங்கமாரிக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ வாய்க்கிற யோகம். அந்த யோகம் இன்னைக்குன்னு பாத்து வந்துருக்கு, அதுவும் வெயில் படாத பக்கத்து ஜன்னல். இத நல்ல சகுனம்னு எடுத்துக்கிறதா, இல்ல இருந்த யோகத்தையெல்லாம் சீட்டுலயே செலவழிச்சிட்டு முக்கியமான விஷயத்துக்கு ஒண்ணுமில்லாம நிக்கப்போறமான்னு அவளுக்கு ஒரு யோசன. மடியில பை. பைக்குள்ள சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டிலு, பிரஸ்ஸுல எழுத்துப் பாக்குற லென்சு, அதுக்கும் உள்ள சின்ன ஜிப்புக்குள்ள ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள ஒரே ஒரு மாத்திரை. ஒரு மாத்திரைக்கு எதுக்குடா இம்புட்டுப் பெரிய பெட்டின்னு நேத்துல இருந்து நாலு தடவ கேட்டுட்டா, மனசுக்குள்ளதான். ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணரைக்கு ஆரம்பிச்ச கணக்கு இது. மாமியா சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாக, கறிக்கொழம்பு தின்ன மயக்கம், ஃபேன் காத்து, அப்புறம் அந்த ஒறை கிழிஞ்சது. கிழிஞ்சதப் பாத்ததும் புருசன் வெயில்முத்து மூஞ்சி போன போக்க நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது. சர்வீஸுக்கு வந்த வண்டிய தானே கீழ போட்டவன் மாதிரி, "தங்கம், இதுக்கு கேரண்டி இல்லையாட்டி"ன்னு கேட்டான். மூணரையில இருந்து எண்ணுனா இப்ப நாப்பத்தியொரு மணி நேரமாகப் போகுது. எழுவத்திரெண்டு மணி நேரத்துக்குள்ள போடணுமாம், எம்புட்டு சீக்கிரம் போடுறமோ அம்புட்டு நல்லதாம். மேட்டமலை தாண்டுனதும் தண்ணியக் குடிச்சு முழுங்கிறணும்னு திட்டம். ஏன் மேட்டமலைன்னு கேட்டா அதுக்குப் பதில் கெடையாது. எதாச்சும் ஒரு எடத்தக் குறிச்சாத்தான் காரியம் நடக்கும், அம்புட்டுதான்.

வீட்டுலயே போட்டுருக்கலாம்ல. எங்கிட்டுப் போட. ஒத்த ரூம்பும் அடுப்படியும், நேத்து சாயங்காலம் வெயில்முத்து வந்து சட்டைப்பைக்குள்ள கைய விட்டுக்கிட்டே கண்ணக் காட்டுறான், மாமியா சீரியலப் பாத்துக்கிட்டே பூண்டு உரிக்கிறாக, ஒரு கண்ணு டிவியில ஒரு கண்ணு மகன் சட்டைப்பையில. பெட்டி கை மாறுனதே பெரிய கடத்தல். இந்த ஊர்ல ஒரு பொம்பள தனியா இருக்கணும்னா பஸ்ஸுலதான் ஏறணும், எழுவது பேருக்கு நடுவுல. அடுப்படியில நின்னு குசுகுசுன்னு அவன் சொன்ன கதைய நெனச்சா தங்கமாரிக்கு ஒதட்டோரம் இழுத்துக்குது. பன்னெண்டு கடையாம். சாத்தூர்ல அஞ்சு, விருதுநகர்ல நாலு, அப்புறம் வேலைய அரை நாள்ல முடிச்சிட்டு மதுரைக்கே போயி மூணு. மொதக் கடையில "அதெல்லாம் இங்க வச்சுக்கிறதில்ல தம்பி"ன்னு ஏதோ கஞ்சா கேட்ட மாதிரி பாத்தாகளாம். ரெண்டாவது கடையில தெரிஞ்ச ஆளு நின்னுருக்காரு, இவன் பதறிப்போயி இருமல் மருந்து வாங்கிட்டு வந்துட்டான். மூணாவது கடையிலயும் யாரோ நிக்க, அங்கயும் இருமல் மருந்து. இப்ப வீட்டுல ரெண்டு பாட்டிலு இருமல் மருந்து இருக்கு, இருமுனவளுக்கு இருமல் நின்னு மூணு மாசமாச்சு. ஆறாவது கடையில ஒருத்தரு "கல்யாணம் ஆயிருச்சா"ன்னு கேக்க, இவன் போன எடுத்து கல்யாண போட்டோவக் காட்டிருக்கான். "ஜோடி நல்லாருக்கு, மாத்திரை இல்ல"ன்னுட்டாராம். பன்னெண்டாவது கடையில ஒரு அக்கா, கண்ணாடி போட்ட அக்கா, ஒரு வார்த்த தப்பாப் பேசாம எடுத்துக் குடுத்துச்சாம். குடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி. "அவங்க வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" அதுக்கு வெயில்முத்து நெஞ்ச நிமித்திக்கிட்டு, "ஒண்ணுமில்லக்கா, நல்ல திடகாத்திரம்"ன்னு சொல்லிருக்கான். சொல்லிட்டு இவ கைய அமுக்கி, "நம்ம விஷயத்த நான் விடுவனா"ங்குறான். பெருமைய்யா பெருமை.

நம்ம விஷயம்ங்குறது என்னன்னா, டிபி. அந்த வார்த்தைய மனசுக்குள்ள சொல்லும்போதுகூட தங்கமாரி குரல எறக்கித்தான் சொல்லுவா. அஞ்சாவது மாசம் ஓடுது, இன்னும் ஆறு வாரம் இருக்கு. ஆரம்பத்துல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருமுனதும், எட்டுக் கிலோ எறங்கி ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆனதும், மொதமொத செவப்பு மாத்திரை போட்ட அன்னைக்கு ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு ஜூஸ் மாதிரி வந்ததப் பாத்து கக்கூஸுக்குள்ளயே ஒக்காந்து அழுததும், அப்புறம் ஜெசிந்தா அக்கா போன்ல, "ஏட்டி, அது மாத்திரையோட சாயம், நீ ஒண்ணும் ஃபேண்டா ஃபேக்டரி இல்ல"ன்னு சொல்லிச் சிரிக்க வச்சதும், எல்லாம் இந்த அஞ்சு மாசத்துக் கதை. ஜெசிந்தா அக்காதான் டிபிக்காரங்களுக்கெல்லாம் ஹெல்த் விசிட்டர், சிவகாசி ஆஸ்பத்திரியில ஒக்காந்துருக்கும், தொண்டைக்குள்ளயே மைக் இருக்குற பொம்பள. காலையில மூணு மாத்திரைய அட்டையில இருந்து பிதுக்குனா பின்னாடி ஒரு நம்பர் தெரியும், தெனம் ஒரு நம்பர், அதுக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். குடுத்தா சாப்பிட்டேன்னு அர்த்தம். ஊர்ல காதலுக்குக் குடுப்பாக, இவ செவப்பு மாத்திரைக்குக் குடுக்குறா. வெளிய யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸுல வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கா, ஏன்னா ஒரே குடத்துல இருவது பேரு தண்ணி குடிக்கிற எடம். இப்ப யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாலும் குடத்துக்கு அது தெரியுமா. டாக்டரு சொன்ன இன்னொண்ணு, "கோர்ஸ் முடியட்டும்மா, ஒடம்பு தேறட்டும், அதுவரைக்கும் குழந்தை வேண்டாம்." அதான் விஷயமே. இவளுக்குப் பிள்ள வேண்டாம்னு இல்ல, பேருகூட ரெண்டு வச்சிருக்கா, யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆனா இப்ப இல்ல. எறங்குன எட்டுக் கிலோவுல மூணுதான் திரும்ப வந்துருக்கு. மாடிப்படி ஏறுனா இன்னும் மூச்சு பேசுது. மொதல்ல இந்த நெஞ்சு எனக்கு முழுசாத் திரும்பி வரட்டும், அப்புறம் அதுல யாரையாச்சும் சாச்சுக்கிறேன்னு அவளுக்கு அவளே சொல்லிக்கிட்ட கணக்கு. அந்தக் கணக்குலதான் ஞாயித்துக்கெழம மத்தியானம் ஓட்ட விழுந்துருச்சு.

வண்டி கெளம்பிருச்சு. கண்டக்டர் வந்து சீட்டக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. பக்கத்து சீட்டுல பட்டாசுக் கம்பெனிக்குப் போற அக்கா ஒண்ணு தூக்குச்சட்டிய மடியில வச்சு, அது மேலயே தலையச் சாச்சு அரைத் தூக்கம். சரி, இதான் நேரம்னு தங்கமாரி ஜிப்பத் தெறந்து பெட்டியப் பிரிச்சா. மாத்திரைக்கு முன்னாடி கையில வந்தது அதோட வெவரக் காயிதம். எட்டா மடிச்ச காயிதம், வெங்காயச் சருகு மாதிரி மெல்லுசு. விரலு பட்டதுமே அவளுக்கு ஒரு திடுக்கு, பயத்துல இல்ல, கல்யாண வீட்டுக் கூட்டத்துல சொந்தக்காரனப் பாத்த மாதிரி. இது நம்ம பிரஸ்ஸுல அடிச்ச காயிதம்ல. மூலையப் பிரிச்சா, எறும்பு சைசுல ஒரு நம்பரு, எல் இருநூத்திப் பதினேழு. மாசி மாசம், மெஷின் ரூமுக்குப் பக்கத்து ரூம்பு, ட்யூப் லைட்டு மின்னிக்கிட்டே இருந்த வாரம், இவதான் பாத்தா, இவதான் பச்ச மையில சரின்னு போட்டு த.மா.ன்னு கையெழுத்துப் போட்டா. ஒரு பக்கம் இங்கிலீஷு, அது வேற ஆளு, தமிழ்ப் பக்கம் இவளோடது. அப்படின்னா இத ஏற்கனவே படிச்சிருக்கணும்ல. இங்கதான் சங்கதி. பிரஸ்ஸுல சேந்த மொத வாரமே ஃபோர்மேன் அருஞ்சுனை அண்ணாச்சி சொல்லிக் குடுத்த வித்த அது, "முன்னாடியிருந்து படிச்சா கதையில விழுந்துருவ தாயீ, கண்ணு தப்பத் தாண்டிப் போயிரும். கடைசி வார்த்தையில இருந்து மேல ஏறு. ஒவ்வொரு வார்த்தையாப் பாரு, அர்த்தத்தப் பாக்காத." மூணு வருசமா அப்படித்தான். சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, புழு மாத்திரை, ஊர்ல உள்ள அம்புட்டு வியாதிக்கும் காயிதம் இவ கண்ணு வழியாத்தான் போயிருக்கு, கடைசியில இருந்து முன்னால, ஒரு வியாதியும் இவளுக்குத் தெரியாது. பந்தியில மூணு வருசம் பரிமாறிட்டு ஒரு வாய் தின்னாதவ மாதிரி. சரி இன்னைக்கு எலையில ஒக்காருவோம்னு, லென்ச எடுக்காம, மொத வார்த்தையில இருந்து ஆரம்பிச்சா.

நல்லாத்தான் இருந்துச்சு படிக்க. எழுவத்திரெண்டு மணி நேரம், ஆமா. அவசரத்துக்கு மட்டும், வழக்கமா போட்டுக்கிறதுக்கில்ல, சரி. வாந்தி வரலாம், மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மாத்திரை வெளிய போயிருக்கும், மறுபடி டாக்டரக் கேக்கணும். ஐயோ, இந்த வண்டி மேட்டமலை வளைவுல குலுக்குற குலுக்கு. அப்புறம் தடிச்ச எழுத்துல, யார் உட்கொள்ளக் கூடாது, யார் கவனமாக இருக்க வேண்டும். அதுக்குக் கீழ எழுத்து சட்டுன்னு இளைச்சுப் போயிருது, தலைப்பு நல்லாச் சாப்பிட்டவன் மாதிரியும் உள்ள இருக்குறது பட்டினி கெடந்தவன் மாதிரியும். ஏற்கனவே கருவுற்றிருப்பவர்கள். அவுகளுக்கு இது வேல செய்யாதாம், உள்ள இருக்குறதக் கலைக்கிற மாத்திரையும் இல்லையாம் இது. பிரஸ்ஸுல பாதிப் பேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்குறாளுக, அவளே நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சா. மருந்தின் உட்பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். தங்கச்சிக்குக் கத்திரிக்கா ஆகாது, தின்னா ஒதடு பணியாரமா வீங்கிரும், ஆனா இதுல கத்திரிக்கா இல்ல. காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்கவும். இது அடுத்த வீட்டு பேபி டீச்சர்ல, மாசத்துல பாதி நாளு போகுதுன்னு சொல்லிக்கிட்டு, சூடு சூடுன்னு வெந்தயத்த ஊறவச்சுத் தின்னுக்கிட்டு இருக்காக, டாக்டர் வீட்டு வாசல மிதிக்கல, இன்னைக்குப் போனதும் சொல்லணும். எப்படிச் சொல்ல, இந்தக் காயிதத்துல படிச்சேன்னு சொன்னா இது எதுக்குடி ஒங்கிட்ட வந்துச்சும்பாக. ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். பெரிய மதினிக்குப் போன வருசம் மஞ்சக்காமால, கண்ணு ரெண்டும் சாமந்திப்பூ. இப்பச் சரியாயிருச்சு, இருந்தாலும் அவுக கேட்டுட்டுத்தான் போடணும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள். சூடாமணி. பைண்டிங் செக்ஷன் சூடாமணி, ஃபிட்ஸுக்கு மாத்திரை போடுறவ. போன தையில கல்யாணம் ஆனவ, எனக்கென்ன கவல, அதுக்கெல்லாம் ஒரு மாத்திரை இருக்காம்லன்னு சாப்பாட்டு நேரத்துல எல்லாரையும் செவக்க வச்சவ. அடி சூடாமணி, ஒனக்கு அது சரியா வேல செய்யாதாம்டி. மாத்திரைக்கும் மாத்திரைக்கும் சண்டையாம். இத யாரு அவகிட்டச் சொல்லிருப்பா, அவ மாமியாளா, கடைக்காரனா, இல்ல இந்தக் காயிதத்துல பச்ச மையில சரின்னு போட்ட நானா. அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம் வெக்கம் வந்துச்சு, ஒவ்வொரு வரியிலயும் தெரிஞ்ச மூஞ்சியா ஒக்காந்துருக்கேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. இம்புட்டுப் பேரும் உள்ள இருக்கும்போதா நான் பின்னாலயிருந்து நடந்து போனேன், ஒருத்தரயும் ஏறிட்டுப் பாக்காம. அப்படியே கண்ணு கீழ எறங்குனா, மடிப்பு.

மடிப்பு சரியா வரி மேலயே விழுந்துருக்கு. மடிச்ச எடத்துல மையி வெடிச்சு வெள்ளக் கோடா ஓடுது. அதுவும் அவளுக்கு ஞாபகம் வந்துருச்சு, அன்னைக்கே பாத்தா, மாதிரிக் காயிதத்த மடிச்சுக் காட்டுனப்ப ரெண்டாவது மடிப்பு ஒரு வரியக் கடிக்குதேன்னு நெனச்சா. மடிப்பு மெஷின் நம்ம செக்ஷன் இல்ல, எழுத்துல தப்பு இல்ல, சாப்பாட்டு மணி வேற அடிச்சிருச்சு, விட்டுட்டா. காயிதத்த ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் புடிச்சா. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள். பொசுக்குன்னு காயிதத்த எறக்கிட்டா. மறுபடி தூக்குனா. அதே எழுத்துதான். ரிஃபாம்பிசின்ங்குற பேரு அவளுக்கு வேத்துப் பேரா என்ன, தெனம் காலையில பல்லு வெளக்குனதும் அட்டையில மொகம் பாக்குற பேரு, சம்மந்தி மாதிரி. அது எப்படி இங்க வந்து ஒக்காந்துருக்கு. நம்ம பேரயே அச்சடிச்ச மாதிரில இருக்கு. எல்லா மூஞ்சியையும் தேடித் தேடிப் பாத்தியே, இந்தா ஒன் மூஞ்சின்னு. வண்டிக்குள்ள ஒரு பிள்ள அழுவுது, யாரோ பாட்டு போட்டுருக்கான், பட்டாசுக்கார அக்கா தூக்குச்சட்டி மேல கொறட்ட விடுது. இவளுக்கு மட்டும் காது அடச்ச மாதிரி. கவனமாக இருக்க வேண்டும்னா என்ன அர்த்தம். போட்டா என்னமும் ஆயிருமா, இல்ல போட்டும் ஒண்ணும் ஆகாமப் போயிருமா. வெஷமா, இல்ல வெறும் தண்ணியா. சூடாமணி வரியில போட்ட விவரம் இந்த வரியில இல்ல, மருத்துவரை அணுகவும்னு முடிச்சுட்டாக. எழுதுனவனுக்கு என்ன, அணுகவும்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். சரி, நாமளா யோசிப்போம். அது ரெண்டும் சண்டை போடுதுன்னா ஒண்ண நிறுத்திட்டா சண்ட இல்லல்ல. நாளைக்கு ஒரு நாளு செவப்பு மாத்திரைய விட்டுட்டா. ஒரு நாளுதான. நம்பர் தெரியணும்ல மிஸ்டு கால் குடுக்க, பிதுக்கிக் குப்பையில போட்டா நம்பர் தெரியும், கால் போயிரும், ஜெசிந்தா அக்காவுக்குத் தெரியாது. இந்தக் குறுக்குப் புத்தி மட்டும் எப்படித்தான் முன்ன பின்ன பாக்காம இம்புட்டு வேகமா ஓடுதோ. ஆனா ஒரு நாளு விட்டவுகளுக்கு என்னாகும்னு வார்டுல ஒரு படம் மாட்டிருந்தாகளே, அந்தப் படத்துல இருக்குற ஆளு கண்ணு, அது எங்கிட்டு நின்னு பாத்தாலும் இவளையே பாக்கும். ஐயா, நான் விடல, சும்மா யோசிச்சுப் பாத்தேன். வெயில்முத்துக்கு போன் போடவா. போட்டு என்ன சொல்ல, பன்னெண்டாவது கடை அக்கா கேட்டாகளே அதுக்கு நீ என்னய்யா சொன்ன. திடகாத்திரமாம். பாவம், அவன் நெஞ்ச நிமித்துனது எனக்காகத்தான. மறைக்கச் சொன்னது யாரு, நான்தான. நான் எனக்கே கட்டுன வேலி, இப்ப நானே தாண்ட முடியாம நிக்கிறேன். மேட்டமலை வந்துருச்சு. போயிருச்சு. தண்ணி பாட்டிலு மூடி கையில தெறந்தபடி இருக்கு, மாத்திரை பெட்டிக்குள்ளயே இருக்கு.

"ஏத்தா, நர்சம்மாவா நீயி?" பட்டாசுக்கார அக்கா முழிச்சிக்கிச்சு. கண்ணு நேரா காயிதத்து மேல. தங்கமாரி பதறிப்போயி காயிதத்த மடிச்சா, மூணு வருசமா மடிப்புக்குப் பக்கத்துலயே இருக்குறவளுக்கு இன்னைக்கு மடிக்க வரல, கசங்குது.

"இல்லக்கா, நான் பிரஸ்ஸு."

"படிக்கத் தெரியும்ல, அது போதும். இந்தா டாக்டரு சீட்டு, இந்தச் சக்கரை மாத்திரைய சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியான்னு பாத்துச் சொல்லு. நானும் ஆறு மாசமா ஒரு நாளு முந்தி ஒரு நாளு பிந்தி போட்டுக்கிட்டு இருக்கேன், எதாச்சும் ஒண்ணு சரியா இருக்கும்ல."

"இந்தச் சீட்டுல சாப்பாட்டுக்கு முந்தின்னு டாக்டரு எழுதிருக்காருக்கா."

"அப்ப பாதி நாளு சரியாத்தான் போட்டுருக்கேன்," அப்படின்னு அக்காவுக்கு ஒரே திருப்தி. "கேக்க வேண்டியதுதான, கேட்டா என்ன காசா பணமா. வாயத் தெறக்கத்தான் நமக்கு வெக்கம். எம் மருமக அப்படித்தான், பல்லு வலிய மூணு வாரம் முழுங்கிக்கிட்டு இருந்தா."

அந்த நேரம் பாத்து போன் அடிக்குது. எடுத்துப் பாத்தா ஜெசிந்தா அக்கா. பாத்ததும் இவளுக்கு நெத்தியில யாரோ சுண்டுன மாதிரி, ஆகா, மிஸ்டு கால் குடுக்கல. காலையில மாத்திரைய முழுங்குனா, நல்லா ஞாபகம் இருக்கு, ஆனா வெயில்முத்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே கண்ணக் கண்ணக் காட்டுனதுல கால் போடுறது மறந்தே போச்சு. அஞ்சு மாசத்துல மொத தடவ. எடுத்ததும் போனுக்குள்ள இருந்து, "எங்கட்டி ஒன் மிஸ்டு கால்? ஒனக்காக ஒருத்தி காத்துக் கெடக்கேன்"னு வந்த சத்தத்துல முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு. "சாப்பிட்டேன்க்கா, கால் மறந்துருச்சு." "சரி, வையி" அப்படின்னுருச்சு அக்கா. அம்புட்டுதான். இந்தா வச்சிரப் போறாக. கட் பண்ற பட்டன் அந்தப் பக்கம். இப்ப வாயத் தெறக்கலன்னா இந்த வண்டி சிவகாசிக்குப் போயிரும், நான் பிரஸ்ஸுக்குப் போயிருவேன், கடைசி வார்த்தையில இருந்து மேல ஏறி இன்னொரு காயிதத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன், மணி ஓடிரும். எழுவது பேரு இருக்காக. பக்கத்துல முழுசா முழிச்ச அக்கா. முன்னாடி திரும்புன ஆளு இன்னும் அங்கிட்டுத் திரும்பல. நெஞ்சு படபடங்குது, பாழாப்போன நெஞ்சு, அதுக்காகத்தான இம்புட்டும்.

"அக்கா, வச்சிராதீக. ஒரு சந்தேகம். செவப்பு மாத்திரை சாப்பிடுறவுக, அது, அந்த ஞாயித்துக்கெழம, இல்ல, அவசரத்துக்குப் போடுவாகள்ல ஒரு மாத்திரை. ஒத்த மாத்திரை. பெரிய பெட்டியில வரும்." சொல்லச் சொல்லக் குரல் கிணத்துக்குள்ள எறங்குது. அந்தப் பக்கத்துல இருந்து வந்த குரல்ல ஜெசிந்தா அக்கா மைக்கக் கழட்டி வச்சிட்டாக.

"புரியுது மாரி. நீ ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு. பஸ்ஸுல இருக்கியா?"

"ஆமாக்கா."

"அந்த மாத்திரையப் போட்டுட்டியா?"

"இல்ல."

"எப்ப நடந்துச்சு? நேத்தா? ஞாயித்துக்கெழமையா? சரி. நல்லாக் கேளு. அது வெஷமெல்லாம் இல்ல, பயப்படாத. ஆனா ஒனக்கு அத நம்ப முடியாது. செவப்பு மாத்திரை சாப்பிடுறவுகளுக்கு ஈரலு வேகமா வேல பாக்கும், இந்த ஒத்த மாத்திரைய அது தன் வேலையக் காட்ட முந்தியே கரைச்சுத் தள்ளிரும். போட்டுட்டோம்னு நிம்மதியா இருப்ப, மாசக் கடைசியில தலைக்குக் குளிக்காம முழிப்ப. அதுக்காக டிபி மாத்திரைய ஒரு நாளு விட்டுருவோம்னு மட்டும் நெனச்சிராத."

"இல்லக்கா, நெனக்கல." பொய்யச் சொல்லிட்டு நாக்கக் கடிச்சா.

"நெனச்சிருப்ப, நெனைக்காதவுக யாரு. நிறுத்துனாலும் அந்த வேகம் அடங்க வாரக்கணக்கா ஆகும், கோர்ஸ் கெட்டதுதான் மிச்சம். காப்பர் டி இருக்கு, கர்ப்பப்பையில வைக்கிறது. அஞ்சு நாளைக்குள்ள வச்சா போதும், ஒனக்கு இன்னும் நேரம் இருக்கு. செவப்பு மாத்திரைக்கும் அதுக்கும் சண்டையே கெடையாது. நேரா இங்க வா, லேடி டாக்டர் இருக்காக, சோதிச்சுப் பாத்து அவுக சொல்லுவாக. நான் வாசல்ல நிக்கிறேன். இதக் கேட்டியே, அது பெரிய காரியம்டி. பாதிப் பேரு கேக்காமத்தான் முழுங்குறாளுக."

போன வச்சா. ஜன்னலுக்கு வெளிய பட்டாசுக் கம்பெனி வேலியும் வேலியோரத்துக் கருவேல மரமும் பின்னாடி ஓடுது, பின்னாடி ஓடுறதப் பாக்கப் பாக்க அவளுக்குள்ள ஏதோ மொத வார்த்தையில இருந்து வரிசையா அடுக்குன மாதிரி ஒரு லேசு. நேரம் இருக்கு. அந்த ஒரு சொல்லத்தான் காலையில இருந்து தேடிருக்கேன், அது காயிதத்துல எங்கயும் இல்ல. காப்பர் டின்னா வலிக்குமோ. வலிச்சா வலிக்கட்டும், ஊசிக்கே ஊரக் கூட்டுனவதான் நான், அதுக்காக போகாம இருந்துருக்கேனா. நாளப்பின்ன பிள்ள வேணும்னா என்ன பண்ண, எடுத்துருவாகளா, அப்ப பிள்ளைக்குன்னு நான் வச்சிருக்குற அந்த ரெண்டு பேரும் பத்திரமா இருக்குமா, இருக்கும், அதுக ரெண்டும் நாலு வருசமா எம் மண்டைக்குள்ள பத்திரமாத்தான இருக்கு. பக்கத்துல அக்கா தூக்குச்சட்டிய இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துச்சு. மூஞ்சிய நேரா வச்சுக்கிட்டு, யாருகிட்டயோ சொல்ற மாதிரி, கண்டக்டர் முதுகப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு.

"நானும் பத்து வருசம் வச்சிருந்தேன். ரெண்டாவது பிள்ளைக்குப் பெறகு. வைக்கும்போது கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அப்புறம் அது எங்கிட்டு இருக்குன்னே தெரியாது. எடுத்ததுக்கு அடுத்த வருசமே மூணாவது வந்துட்டான், இப்ப பாலிடெக்னிக் படிக்கான், ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குறான்."

தங்கமாரிக்கு காதெல்லாம் சூடு. "ஒங்களுக்கு எல்லாம் கேட்டுச்சாக்கா?"

"எனக்கு எங்க கேட்டுச்சு, நான் தூங்கிக்கிட்டுல இருந்தேன்," அப்படின்னுட்டு அக்கா எந்திரிச்சு, "யோவ் கண்டக்டரு, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிறுத்தச் சொல்லு, பிள்ள எறங்கணும்"னு ஒரு சத்தம் போட்டுச்சு. முன் சீட்டுக்காரரு மறுபடி திரும்புனாரு. "என்னய்யா பாக்க, நீயும் எறங்கணுமா?" அவரு ஜன்னலப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு.

எறங்கி நின்னா வெயில் சுள்ளுன்னு அடிக்குது. ரோட்டுக்கு அங்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டுல வெள்ளப் பொடவ கட்டுன ஜெசிந்தா அக்கா, கைய மண்டைக்கு மேல தூக்கி, ஏதோ ரயில நிறுத்துற மாதிரி ஆட்டிக்கிட்டு நிக்கிது. தங்கமாரி மொதல்ல வெயில்முத்துக்கு மெசேஜ் போட்டா: பயப்படாத, ஆஸ்பத்திரிக்கு வா, அந்த மாத்திரை எனக்கு ஆகாதாம், வேற வழி இருக்காம், பன்னெண்டாவது கடை அக்கா கேட்டது சரியான கேள்வி, பதிலுதான் தப்பு. அப்புறம் அருஞ்சுனை அண்ணாச்சிக்கு அடிச்சா, அர நாள் லீவு கேட்டா. அவரு "வயித்துப் புண்ணாம்மா"ன்னாரு. ஆமான்னு சொல்ல வாயெடுத்தா, சொல்லல. வந்து சொல்றேன் அண்ணாச்சி, அது வயித்துப் புண்ணு இல்ல, சூடாமணியையும் பாத்துப் பேசணும்னு சொன்னா. அவரு வச்சிரப் போனாரு.

"அண்ணாச்சி, இன்னொண்ணு. எல் இருநூத்திப் பதினேழு இருக்குல்ல, அடுத்த தடவ மெஷின்ல ஏத்துறதுக்கு முந்தி மருந்துக் கம்பெனிக்காரககிட்டச் சொல்லணும். ரெண்டாவது மடிப்பு ஒரு வரி மேல விழுது. யாரு கவனமா இருக்கணும்ங்குற எடம். அந்த வரிய மேல தூக்கிப் போடணும், எழுத்தும் கொஞ்சம் பெருசா."

"எழுத்துல தப்பு இருக்கா?"

"இல்ல."

"பெறகு என்னத்துக்கும்மா. அந்தக் காயிதத்த எவம்மா பிரிச்சுப் படிக்கான்?"

ஜெசிந்தா அக்கா அங்கிட்டு இருந்து, லாரி போயிரட்டும், பாத்து வான்னு கத்துது. தங்கமாரி லாரி போகட்டும்னு நின்னா. காயிதம் இன்னும் கைக்குள்ளதான் இருக்கு, கசங்கி, வேர்வையில நனஞ்சு, வெள்ளக் கோடு அப்படியே.

"நான் படிச்சேன் அண்ணாச்சி," அப்படின்னா. "இந்தத் தடவ முன்னாடியிருந்து."